நூறு வாட்ஸ் பல்பும் கடைக்காரரின் கணக்கும்

சென்ற மாரியில் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு கடையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. கும்புறுபிட்டியைத் தாண்டி நடுவழியில் நின்றுகொண்டு மீன் ஏற்றும் சின்ன லொறிக்காரர் ஒருவர் பேசினார். "நானா, முன்லைட் ரெண்டும் போயிட்டு. டேஷ்போர்டுக்குக் கீழால புகை வருது" என்றார். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவருக்கு 100/90 வாட்ஸ் பல்புச் சோடி ஒன்று விற்றிருந்தேன். அவர் கேட்டார், நான் கொடுத்தேன், காசை வாங்கிப் பெட்டியில் போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிரவு அவருடைய மீன் வேறொரு லொறிக்கு மாற்றப்பட்டு, ஐஸ் கரைந்து, பேலியகொடைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. பிந்திய மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை எங்கள் கரையோர மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் வயரிங் பாஸ் கழற்றிக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. கூடிய பல்பைப் போட்டதும் பழைய 15 அம்பியர் பியூஸ் போயிருக்கிறது. யாரோ ஒரு கெட்டிக்காரர் அந்த இடத்தில் 30 அம்பியர் பியூஸைச் செருகிவிட்டார். அதற்குப் பிறகு பியூஸ் எரியவில்லை. பியூஸுக்குப் பதிலாக வயர் எரிந்தது.

கணக்கு சின்னக் கணக்குத்தான். எச்4 பல்பு என்பது ஐரோப்பிய விதிப்படி பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட்ஸ். இரண்டு பல்பின் பிரைட்டும் சேர்ந்து 120 வாட்ஸ். 12 வோல்ட்டில் அது 10 அம்பியர். கம்பெனி வயரும் சுவிட்சும் அந்த அளவை நினைத்துப் போடப்பட்டவை. 100 வாட்ஸ் சோடியைப் போட்டால் ஏறத்தாழ 17 அம்பியர் ஓடும். மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தானே கூடியிருக்கிறது என்று நினைக்கக் கூடாது. வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. முதலில் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பிறகு சுவிட்சின் முனை கருகும். அந்தப் பல்புப் பெட்டிகள் பலவற்றில் பொதுப் பாதையில் பாவிப்பதற்கல்ல என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். இருபது வருடமாக அந்தப் பெட்டிகளை விற்ற நானே அதை அன்றுதான் வாசித்தேன்.

வெளிச்சம் கேட்கும் மனிதரில் குற்றமில்லை. ஒரு காலத்தில் இறக்கக்கண்டியைப் பாதையில் ஏற்றித்தான் கடந்தோம். இப்போது பாலமும் நல்ல ரோட்டும் இருப்பதால் வாகனங்கள் பறக்கின்றன. இரவில் ரோட்டில் மாடு படுத்திருக்கும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் யானை நிற்கும். வாகனங்களோ பழையவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததையே ஒட்டித் தைத்து ஓட்டினோம். லைட் மங்கல் என்பது அதன் ஒரு விளைவு.

ஆனால் மங்கலுக்குக் காரணம் பல்பு என்று யார் சொன்னது? எங்கள் ஊர் உப்புக் காற்றில் எர்த் போல்ட் துருப்பிடிக்கும், பல்பு முனைகளில் பச்சை பூக்கும். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் காட்டும்; பல்பு முனையில் மீட்டரை வைத்தால் 12 மட்டுமே நிற்கும். 1.8 வோல்ட்தானே என்பீர்கள். ஹாலஜன் பல்பில் அந்தக் குறைவு வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தின்றுவிடும். துருவைச் சுரண்டி எர்த்தை இறுக்கி, மஞ்சளித்த கண்ணாடியைப் பொலிஷ் போட்டால் பழைய பல்பே புதிதாக எரியும். இதில் கடைக்காரருக்கு இலாபம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதுவும் போதாதென்றால் ரிலே போட வேண்டும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் நேரே ரிலேக்கு வந்து பல்புக்குப் போகும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பழைய வயரும் சுவிட்சும் ரிலேயை இயக்குவதற்கு மட்டும் பயன்படும். அதற்கு ஓர் அம்பியர்கூடத் தேவையில்லை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலேயோடு 60/55 பல்பைப் போட்டவர்கள் 100 வாட்ஸைத் தேடி வருவதில்லை என்பது என் அனுபவம். ஒரு எச்சரிக்கை: டொயோட்டா போன்ற ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். கட்டித் தயாராக வரும் ரிலே வயர் எல்லாம் அவற்றுக்கு நேரடியாக ஒத்துப்போகாது. வாகனம் என்னவென்று கேட்காமல் விற்றால் அந்தச் சாமான் மறுநாள் திரும்பி வரும். பெரிய லொறிகள் 24 வோல்ட் என்பதால் அவற்றின் கணக்கு வேறு.

எல்இடி போட்டால் வயர் எரியாது, மின்சாரமும் குறைவு என்று இளைஞர்கள் வாதிடுகிறார்கள். வயரைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் ஹாலஜன் இழைக்காக அமைக்கப்பட்ட கிண்ணத்தில் எல்இடியைச் செருகினால் ஒளி விழ வேண்டிய இடத்தில் விழாமல் சிதறும். நிலாவெளியில் எதிரே மோட்டார் சைக்கிளில் வரும் மனிதரின் கண்ணில் அது விழுந்தால் அவர் ரோட்டை எப்படிப் பார்ப்பார்?

எரிந்த வயரிங்குக்குப் பாதிச் செலவை நான் கொடுத்தேன். லொறிக்காரர் வேண்டாமென்றார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன். இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன். பல்பு கேட்டு வருபவரின் வாகனத்தில் அதை வைத்துப் பார்த்த பிறகுதான் சாமானை எடுப்பது. ரிலே இல்லாமல் 100 வாட்ஸ் தருவதில்லை. சென்ற கிழமை ஒருவர் கோபித்துக்கொண்டு திருமலைக்குப் போய் வாங்கினார். அந்தக் கடைக்காரராவது அவரிடம் பியூஸ் எத்தனை அம்பியர் என்று கேட்டிருப்பாரா என்பதுதான் என் யோசனை.