கடிதப் பெட்டி திறக்க மறுத்தால்

கந்தோரிலே அவுட்லுக் செயலியோடு பழகியவர்கள் ஓய்வு பெற்ற பின்னரும் அதனை விட்டு நீங்குவதில்லை. கடிதம், நாட்குறிப்பு, விலாசப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் வைத்துப் பழகிய கைக்கு வேறொன்று எளிதிற் பொருந்துவதில்லை போலும். 1997 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் அதனை வெளியிட்ட நாள் முதல் அது எத்தனையோ உருவங்களை எடுத்துவிட்டது. எனினும் அதைப் பற்றி நமக்கு வரும் முறைப்பாடுகள் மட்டும் பெரிதும் மாறவில்லை. திறக்கவில்லை, போகவில்லை, நேரம் பிழைக்கின்றது என்பனவே அவை. இக்கிழமை வந்தவற்றுள் ஒரு கடிதம் உடனே விடை வேண்டி நிற்கின்றது. அதனையே முதலில் எடுத்துக்கொள்கின்றோம்.

மட்டக்களப்பிலிருந்து ஓர் அம்மையார் எழுதுகின்றார். அவருடைய கணவர் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். மூத்த மகன் ரொறன்ரோவிலும் இளையவர் இலண்டனிலும் இருக்கின்றனர். 2001 ஆம் ஆண்டு தொடக்கம் தகப்பனாரும் பிள்ளைகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் யாவும், பேரப்பிள்ளைகளின் படங்களோடு, அந்த அவுட்லுக்கிலேயே இருக்கின்றனவாம். கணவர் கணினியை மாற்றிய போதெல்லாம் பழைய கோப்பையும் கூடவே கொண்டுவந்து வைத்திருக்கின்றார். இப்போது செயலியைத் திறந்தால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே வருகின்றது. கடைக்காரப் பையன் வந்து பார்த்து, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஒரே நாளில் சரிவரும் அன்ரி" என்று சொல்லிப் போயிருக்கின்றான். போடச் சொல்லலாமா என்பது அம்மையாரின் கேள்வி.

வேண்டாம், அம்மா. ஞாயிறு வரை காத்திராமல் இவ்வொரு சொல்லை உங்களுக்குத் தபாலிலும் அனுப்பியிருக்கின்றோம். பையனைக் குறை கூறுவதற்கில்லை. மெதுவாக ஓடும் இயந்திரத்தைத் துடைத்து வைப்பது அவன் தொழில். ஆனால் பூட்டுத் திறக்கவில்லை என்று அலுமாரியைக் கொளுத்துவாருண்டோ?

இங்கே வாசகர்கள் யாவரும் விளங்கிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவுட்லுக் என்ற செயலி வேறு, அதிலுள்ள கடிதங்கள் வேறு. செயலியை எத்தனை முறையும் நீக்கலாம், நிறுவலாம். கடிதங்களோ வன்தட்டிலே தனியான ஒரு கோப்பில் இருக்கின்றன. அக்கோப்பின் பெயர் பி.எஸ்.ரி. என்ற மூன்றெழுத்தில் முடியும். வன்தட்டைத் துடைத்தால் அந்தக் கோப்பும் போய்விடும். மேலும், பழைய கணக்குகளிற் பல 'பொப்' என்னும் முறையில் அமைந்தவை. அம்முறையில், பிரதியொன்றை அங்கேயும் விட்டுவை என்று கட்டளையிட்டிருந்தாலன்றி, கடிதம் வீட்டுக் கணினிக்கு இறங்கியதும் அஞ்சல் வழங்கும் நிலையத்திலிருந்து நீங்கிவிடும். ஆகவே அந்தப் பி.எஸ்.ரி. கோப்பு ஒன்றே மூலமும் பிரதியுமாக இருக்கக்கூடும்.

முதல் வேலை அதனைக் கண்டுபிடித்துப் பிரதி எடுப்பது. இதற்கு அவுட்லுக் திறக்க வேண்டியதில்லை. விண்டோசின் 'கொன்ட்ரோல் பனல்' பகுதியில் 'மெயில்' என்றொரு சின்னம் உண்டு. அதனுள் 'டேட்டா ஃபைல்ஸ்' என்பதை அழுத்தினால் கோப்பின் பெயரும் அது கிடக்கும் இடமும் தெரியும். அங்கேயே 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதை அழுத்தினால் அந்த இடமே திறக்கும். பழைய இயந்திரங்களில் இக்கோப்பு மறைத்துவைக்கப்பட்ட ஓர் உறையினுள் இருப்பதால், தேடிப் பார்த்து இல்லை என்று கைவிடுவோர் பலர். மேற்சொன்ன வழியில் போனால் அத்தொல்லை இல்லை. அவுட்லுக்கை மூடிவிட்டு, கோப்பை ஒரு வெளித் தட்டிலே பிரதி செய்யுங்கள். பென் ட்ரைவில் இடம் இருந்தும் பெரிய கோப்பை ஏற்க மறுத்தால் திகைக்க வேண்டாம். எஃப்.ஏ.ரி. 32 என்ற பழைய முறையில் அமைந்த தட்டுகள் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை வாங்கமாட்டா. பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை அயல் வீட்டிலோ உறவினரிடமோ கொடுத்து வைப்பது நலம். இதன் பின்னர் செய்யும் எந்த வேலையையும் பிரதியொன்றிலேயே செய்க, மூலத்தைத் தொடவேண்டாம்.

அடுத்தது கோப்பின் அளவைப் பார்த்தல். 2001 இல் தொடங்கிய கோப்பு என்பதால் இதனை வற்புறுத்துகின்றோம். 2003 ஆம் ஆண்டு அவுட்லுக் வருவதற்கு முன் உண்டாக்கிய பி.எஸ்.ரி. கோப்புகள் 2 ஜி.பி. அளவுக்குமேல் வளர முடியாதவை. 2003 இல் வந்த புதிய அமைப்பு 20 ஜி.பி. வரை இடங்கொடுத்தது, 2010 முதல் அது 50 ஜி.பி. ஆயிற்று. ஆனால் செயலியைப் புதுப்பித்ததனால் மாத்திரம் பழைய கோப்பு புதிய அமைப்புக்கு மாறிவிடாது. புதுவீட்டுக்குக் குடிபோனாலும் பழைய பெட்டகம் பழைய பெட்டகந்தானே! பேரப்பிள்ளைகளின் படங்கள் வந்து சேரச் சேர அது நிறைந்து, ஒருநாள் மூடியே திறக்காமற் போவதுண்டு. உங்கள் கோப்பு 2 ஜி.பி.யை நெருங்கியிருந்தால் நோய் இதுவாகவே இருக்கலாம்.

அளவு அதைவிட மிகக் குறைவாயின், கோப்புச் சிதைந்திருக்கின்றது என்று கொள்ளலாம். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றுபோனால் கோப்பின் உட்கட்டு குலையும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்த நமது நாட்டில் எத்தனை பி.எஸ்.ரி. கோப்புகள் இப்படிக் குலைந்தன என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

இதற்கு மருந்து அவுட்லுக்குடனேயே வருகின்றது. செயலி நிறுவப்பட்ட உறையினுள் 'ஸ்கான் பி.எஸ்.ரி.' என்ற பெயருடன் ஒரு சிறு கருவி இருக்கும். அதனைத் திறந்து பிரதிக் கோப்பைக் காட்டி, ஆராயச் சொல்க. பிழை கண்டால், திருத்துமுன் ஒரு காப்புப் பிரதி எடுக்கட்டுமா என்று கேட்கும், எடுக்க விடுக. பிறகு 'ரிப்பேயார்' என்பதை அழுத்துக. பெரிய கோப்பாயின் மணிக்கணக்கிற் செல்லும், பொறுமை வேண்டும். ஒரு முறையில் முடியாதது இரண்டாம், மூன்றாம் முறையில் முடிவதுண்டு. உரிய இடம் தெரியாத கடிதங்களை அது 'லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற உறையிலே போட்டு வைக்கும். அங்கே பாராமல் கடிதம் தொலைந்ததென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவு நிறைந்ததால் வந்த அடைப்பை இக்கருவி எப்போதும் நீக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. கோப்பின் வாலை வெட்டினால் திறக்கும் என்று யாரும் சொன்னால், அதுவும் ஒரு வழியே. ஆனால் வெட்டுப்பட்ட பகுதியிலுள்ள கடிதங்கள் அதனோடு போகும். எனவே அதனைப் பிரதியில் அல்லாமல் செய்யலாகாது. எவ்வாறாயினும் கோப்பு ஒருமுறை திறந்துவிட்டால், புதிய அமைப்பில் வேறொரு கோப்பை உண்டாக்கி, ஓர் ஆண்டுக் கடிதங்களாகச் சிறிது சிறிதாக அதற்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. கடிதத்திற்கு இரு முனைகள் உண்டு. தகப்பனார் அனுப்பியவை பிள்ளைகளின் வரவுப் பெட்டியிலும், அவர்கள் அனுப்பியவை அவர்களுடைய அனுப்பிய பெட்டியிலும் இருக்கக்கூடும். அவர்கள் பழைய கணக்கை மூடியிராவிட்டால் இன்றே தேடிப் பார்த்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கோப்பு மீண்டாலும் மீளாவிட்டாலும் அது பயன் தரும்.

பி.எஸ்.ரி. என்று முடியாமல் ஓ.எஸ்.ரி. என்று முடியும் கோப்பைக் கண்டவர்கள் இத்தனை அஞ்ச வேண்டியதில்லை. அது அஞ்சல் நிலையத்தில் உள்ளவற்றின் நிழலேயாகும். பெயரை மாற்றி ஒதுக்கி வைத்தால் அவுட்லுக் தானே புதியதொன்றை நிரப்பிக்கொள்ளும். இன்னும் அனுப்பப்படாத கடிதமும், இக்கணினியில் மட்டும் என்று வைத்த உறைகளும் மாத்திரம் இதற்கு விலக்கு.

செயலியே பாதியில் நின்றுவிடுகின்றது என்று மூவர் எழுதியுள்ளனர். கட்டுப்பாட்டு விசையாகிய 'கொன்ட்ரோல்' விசையை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக் சின்னத்தைத் திறந்தால், பாதுகாப்பு முறையில் திறக்கட்டுமா என்று கேட்கும். அம்முறையில் ஒழுங்காக ஓடினால் குற்றம் செயலியினுடையதன்று. அதனோடு ஒட்டிக்கொண்ட துணைச் செயலிகளுடையது. விருப்பத் தேர்வுகளுள் 'அட்-இன்ஸ்' பகுதிக்குச் சென்று அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்குக.

இனி நாட்குறிப்பு. கொழும்பிலுள்ள ஓர் அன்பர், வெளிநாட்டு அழைப்புகள் யாவும் அரை மணி பிந்திக் காட்டுவதாகவும், தமது இயந்திரம் மிகப் பழையது என்றும் எழுதியிருக்கின்றார். இக்கோளாறுக்கும் நமது நாட்டின் வரலாற்றுக்கும் தொடர்புண்டு. 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. கிறீனிச் நேரத்திற்கு 6 மணி முன்னதாக நாம் பத்தாண்டுகள் வாழ்ந்தோம். 2006 ஏப்ரல் 15 இல் பழைய ஐந்தரை மணிக்கே திரும்பினோம். ஆனால் அதன்முன் விற்பனையான விண்டோசுகளில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயருக்கு நேரே 6 மணி என்றே எழுதியிருந்தது. புதுப்பிக்கப்படாத இயந்திரத்திலே கடிகார முள்ளைக் கையால் திருத்தி வைத்தவர்கள் நோயை மறைத்தார்களேயன்றி நீக்கவில்லை. கிறீனிச் நேரம் 12.30 இற்கு ஒரு கூட்டமென்றால், நமக்கு அது மாலை 6 மணி. அந்த இயந்திரமோ 6.30 என்று காட்டும். கடிகாரத்தைத் தொடாமல், நேர வலயம் ஐந்தரை மணி என்று இருக்கின்றதா என்பதைப் பார்த்துத் திருத்துக. புதிய இயந்திரமாயினும், நிறுவியவர் அமெரிக்க வலயத்தை அப்படியே விட்டுவிட்டு முள்ளை மாத்திரம் திருப்பியிருப்பார்; அங்கும் இதே மருந்துதான்.

வலயத்தைத் திருத்தியபின் ஒரு சிறு தொல்லை வரும். பிறந்த நாள், திதி என முழுநாள் நிகழ்ச்சிகளாகக் குறித்தவை இரண்டு நாட்களிற் பரந்து நிற்கும். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று பழைய வலயத்திற் குறிக்கப்பட்டவை, வலயம் நகர்ந்ததும் எல்லையைத் தாண்டிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்தலே வழி. தகப்பனாரின் திதியை ஒருநாள் தவறவிடுவதைக் காட்டிலும் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது மேல்.

நேர வலயம் சரியாக இருந்தும் மகளின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மார்ச் மாதத்தில் ஒரு மணி நேரம் மாறிவிடுகின்றது என்று யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் வருந்துகின்றார். இது கோளாறன்று. ரொறன்ரோவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன் தள்ளுகின்றார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்வாங்குகின்றார்கள். மகள் தன் காலை 8 மணி என்று குறித்தால், அது மாரியில் இங்கே மாலை 6.30, கோடையில் 5.30. கிழமைதோறும் வரும் நிகழ்ச்சி, அதனைக் குறித்தவருடைய ஊர் நேரத்தையே பற்றி நிற்கும். நீங்களே 6.30 என்று குறித்து அனுப்பினால் உங்கள் நேரம் அசையாது. கோடையில் மகள் 9 மணிக்குப் பேச வேண்டியிருக்கும். வயதில் மூத்தவருக்கு விட்டுக்கொடுக்கட்டும் என்பது நம் அபிப்பிராயம்.

கடிதம் புறப்படாமல் வெளிப் பெட்டியிலேயே கிடந்தால் கீழ்க்கரையைப் பாருங்கள். 'வேர்க்கிங் ஒஃப்லைன்' என்று இருந்தால் யாரோ தொடர்பை நிறுத்தியிருக்கின்றார்கள். 'சென்ட் ரிசீவ்' பகுதியில் அதனை நீக்குக. இல்லையேல் இணைப்புப் பெரிதாயிருக்கும். ஜீமெயில் 25 எம்.பி.க்கு மேல் ஏற்பதில்லை. கோப்பு அஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பருக்கின்றது என்பதையும் நினைவிற் கொள்க, 20 எம்.பி.யே எல்லையை மீறக்கூடும். காத்துக்கிடக்கும் கடிதத்தை ஆவலினால் திறந்து பார்த்தாலும் அது நின்றுவிடும். மறுபடி 'சென்ட்' அழுத்த வேண்டும்.

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கின்றது என்பவர்களுக்கு: கடவுச்சொல்லில் பிழையில்லை. 2022 மே இறுதியில் கூகுளும், 2024 செப்டெம்பரில் மைக்ரோசொப்டின் தனியார் கணக்குகளும் வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் பழைய வழியை அடைத்துவிட்டன. ஜீமெயில் வைத்திருப்போர் இருபடி உறுதிப்படுத்தலை ஏற்படுத்தி, 16 எழுத்துக் கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெற்று இடுக.

புதிய அவுட்லுக்குக்கு மாறும்படி மேல் மூலையில் ஒரு பொத்தான் அழைக்கின்றதே, அழுத்தலாமா என்று கேட்பவர்கள், பழைய பி.எஸ்.ரி. கோப்புகளை வைத்திருந்தால் அவசரப்பட வேண்டாம். அவற்றைக் கையாளும் ஆற்றல் பழைய செயலிக்கு உள்ள அளவு புதியதற்கு இல்லை. பழையதைக் குறைந்தது 2029 வரை பராமரிப்பதாக நிறுவனத்தார் அறிவித்திருக்கின்றனர்.

அச்சுப்பொறி தாளைச் சிக்க வைப்பது பற்றிக் கேட்ட நால்வருக்கும் அடுத்த ஞாயிறு விடை தருவோம்.