வழக்கின் ஆயுள் 18 வருடம், உங்கள் லேப்டாப்பின் ஆயுள் எவ்வளவு?

கண்ணகி - முருகேசன் படுகொலை நடந்தது 2003இல். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல். இடையில் 18 வருடம். வாச்சாத்தி மலைவாழ் மக்களின் ஊருக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து சூறையாடியது 1992இல். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல். அங்கே 19 வருடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவோ, குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் இரண்டு மாதம். நம் வாழ்க்கையில் இருபது வருடம்.

இந்த இருபது வருடமும் நம் ஆதாரம் எங்கே இருக்கும்?

அரசிடம் பதிவறை இருக்கிறது. ஆதிக்கச் சாதிக்காரரிடம் பீரோ இருக்கிறது, அதற்குள் தாத்தா காலத்துப் பத்திரம் இருக்கிறது. நம்முடையது பெரும்பாலும் ஒரு தோழர் வீட்டில், ஒரு பழைய லேப்டாப்பில், "நியூ ஃபோல்டர் 3" என்ற பெயரில் கிடக்கிறது. உண்மை அறியும் குழு எடுத்த படங்கள், காயம்பட்டவர்கள் பேசிய வீடியோ, முதல் தகவல் அறிக்கையின் ஸ்கேன், பஞ்சமி நிலத்துக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய அ-பதிவேட்டு நகல், எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில். சாதாரணமாக ஐந்தாறு வருடம் ஓடும் பொருள் அது. இருபது வருட வழக்கை அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். இரண்டாவது நகல் எடுக்காத உண்மை அறியும் குழு பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒரு பெண் தனக்கு நடந்ததை நம்மிடம் ஒருமுறை சொல்வதே பெரிய காரியம். இரண்டு வருடம் கழித்து அவரிடமே போய், "அக்கா, கம்ப்யூட்டர் போயிருச்சு, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பது கொடுமை. பல நேரம் கேட்கவும் முடியாது. அவர் ஊரை விட்டுப் போயிருப்பார். சமரசத்துக்குத் தள்ளப்பட்டிருப்பார். அன்று கன்றியிருந்த காயம் இன்று ஆறியிருக்கும்.

இதைப் பேசினால் தோழர்களிடமிருந்து வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"அது டெக்னிக்கல் வேலை, தம்பி யாராவது பார்த்துக்குவான்." துண்டறிக்கை எழுதுவது அரசியல், அதைப் பத்திரப்படுத்துவது எடுபிடி வேலையா? மூளை வேலை உயர்ந்தது, கை வேலை தாழ்ந்தது என்ற பிரிவினையை எதிர்த்துத்தானே நாம் இங்கே நிற்கிறோம்? அதையே நம் அலுவலகத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளக் கூடாது.

"டி டிரைவில் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன்." நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். வீடு எரிந்தால் இரண்டு அறையும் எரியும்.

"வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கு." வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்குகிறது. எடுத்த நாள், நேரம், இடம் பற்றி மூலப்படத்துக்குள் இருந்த தகவலும் போய்விடுகிறது. உங்களிடம் மிஞ்சுவது படத்தின் நிழல்.

"கூகுளில் இருக்கு." நல்லதுதான், அது ஒரு நகல். ஆனால் இலவச இடம் 15 ஜிபி. இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கிவிடலாம் என்பது அந்த நிறுவனத்தின் விதி. கடவுச்சொல் தெரிந்த ஒரே தோழர் வேலை கிடைத்து வெளியூர் போனால் கதை முடிந்தது. இன்னொருவர் வீட்டுப் பரணில் நம் பெட்டியை வைத்திருக்கிறோம். பெட்டி நம்முடையது, பரண் அவருடையது.

நம் வரலாறு இதை முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தமிழன் இதழைத் தொடங்கினார், 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து புத்தகமாக வந்தது 1999இல். இடையிலிருந்த 85 வருடம் அந்த எழுத்து அழியாமல் இருந்ததற்கு, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பத்திரப்படுத்தியதே காரணம். பாபாசாகேப் 1956இல் மறைந்தார். மகாராஷ்டிர அரசு அவருடைய தொகுதிகளில் முதலாவதை வெளியிட்டது 1979இல். இந்து மதத்தின் புதிர்கள் அச்சேறியது 1987இல். இவ்வளவு பெரிய தலைவரின் கையெழுத்துப் பிரதிக்கே இந்தக் கதி என்றால், ஒரு சேரிப் பெண்ணின் வாக்குமூலத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? நாம்தான் செய்ய வேண்டும்.

நீதிமன்றத்துக்கு வருவோம். கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனிதரை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். ஒழுங்காகப் பாதுகாத்த பதிவை மிரட்ட முடியாது.

"ஒழுங்காக" என்பதற்குச் சட்டத்தில் அர்த்தம் உண்டு. மூலக் கருவியையே ஒப்படைக்காமல் நகலைக் கொடுத்தால், 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் இது 63ஆவது பிரிவு. அதற்கான படிவத்தில் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இதைக் கணக்கிடும் செர்ட்யூட்டில் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. நகல் எடுத்த அன்றே கணக்கிட்டு, தேதியோடு நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

பீமா கோரேகான் வழக்கையும் மறக்கக் கூடாது. ரோனா வில்சனின் லேப்டாப்புக்குள் வைரஸ் வழியாக வெளியிலிருந்து கோப்புகள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை கொடுத்தது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. நமக்கான பாடம் இது: உங்கள் கணினியில் போன மாதம் என்ன இருந்தது என்று காட்ட, இணையத்தோடு தொடர்பில்லாத, தேதியிட்ட ஒரு நகல் உங்கள் கையில் இருந்தால் அது பெரிய பலம்.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஒரு டிபி வெளிப்புற ஹார்ட் டிரைவ் ஒன்று வாங்குங்கள். ஒரு ஆளுக்குப் பாரமென்றால் பத்துப் பேர் போட்டு வாங்குங்கள். ஃபிளெக்ஸ் பேனருக்குக் காசு திரட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய தொகை இல்லை. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின், உபுண்டுவில் தேஜா டூப், மூன்றும் இலவசமாகவே இருக்கின்றன. ஃபைல் ஹிஸ்டரி டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத்தான் தானாக எடுக்கும். டி டிரைவில் போட்டதை நீங்களே சேர்க்க வேண்டும்.

நகல் எடுத்ததும் டிரைவைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் கணினிக்குள் வரும் ரான்சம்வேர் டிரைவையும் பூட்டிவிடும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். இதுதான் கணக்கு. 2015இல் சென்னை வெள்ளத்தையும் 2023இல் தூத்துக்குடி வெள்ளத்தையும் பார்த்த பிறகு, கணினிக்குப் பக்கத்து அலமாரியிலேயே டிரைவை வைக்காதீர்கள். கோப்புக்கு வருடம், ஊர், வழக்கு எண் என்று பெயர் வையுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரைவிலிருந்து சில கோப்புகளை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பாதீர்கள். ஐந்து வருடமானால் புது டிரைவுக்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த டிரைவில் இருப்பது நம் சொத்து மட்டுமில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், குழந்தை என்றால் போக்சோவும் சேரும். தொலைந்த டிரைவ் எதிரி கைக்குப் போனால், பேசியவரின் உயிருக்கே ஆபத்து. வெராகிரிப்ட் இலவச மென்பொருள், அதில் பூட்டி வையுங்கள். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். பேசியவரிடம், "இது எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள்" என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

கல்லூரியில் வாசகர் வட்டம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்று சுவரில் எழுதுகிறீர்கள். உங்கள் ஊரில் வழக்கு நடத்தும் மூத்த தோழர் ஒருவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரைவோடு போங்கள். அவர் லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். ஒரு மதியப் பொழுது போதும். பத்து வருடம் கழித்து நீதிபதி "ஆதாரம் எங்கே" என்று கேட்கும் நாளில், நீங்கள் அந்த அறையில் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் எடுத்த நகல் இருக்கும்.

ஜெய் பீம்.