டைனமோவை மாற்றினேன், வயரை மாற்றவில்லை



போன வாரம் நம் வீட்டு அம்பாசிடர் படத்தைப் போட்டதும், "இன்னுமா சார் இதை வெச்சிருக்கீங்க?" என்று பாதிப் பேர் கேட்டீர்கள். மூன்று பேர் மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: "எங்க அப்பா வண்டியும் பழசு சார். டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?" பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் தூங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் வயரை மாற்றுங்கள். வயருக்குப் பணம் இல்லையென்றால் டைனமோவோடே இருந்துவிடுங்கள். பழைய வயரில் புது ஆல்டர்னேட்டர் போடுவது, டைனமோவோடு ஓட்டுவதைவிட ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. செய்துவிட்டுச் சொல்கிறேன்.

நம் வண்டி 1978-ஆம் வருடத்தது, மாமனார் வாங்கியது. அந்தக் காலத்து டைனமோ 20 ஆம்பியர் அளவில்தான் கொடுக்கும், அதுவும் வண்டி ஓரளவு வேகமாக ஓடினால்தான். ஊருக்குள் மெதுவாகப் போனால் பேட்டரியிலிருந்துதான் செலவாகும். இரண்டு ஹெட்லைட்டுக்கே 10 ஆம்பியர் போய்விடும். வைப்பர், ஹாரன், மகன் மாட்டிவிட்ட மின்விசிறி எல்லாம் சேர்ந்தால் தாங்காது. ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலேயே சார்ஜ் செய்யும். அதனால் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டச் சொன்னேன்.

மெக்கானிக் அன்றைக்கே சொன்னார்: "சார், வயரையும் மாத்திடலாம். 1800 ரூபாய் கூட ஆகும்." பழைய வயர் நன்றாகத்தானே இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னவன் நான். முப்பது வருடம் ஓம் விதி நடத்தியவன், 1800 ரூபாயை மிச்சம் பிடித்தேன்.

எட்டே மாதத்தில் புதுப் பேட்டரி படுத்துவிட்டது. பேட்டரியைத்தான் திட்டினேன். இன்னொன்று வாங்கினேன். அப்போதும் காரணத்தைத் தேடவில்லை.

அந்தக் கார்த்திகை மாதம் புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், விசிறி எல்லாம் ஓடுகின்றன. பின்சீட்டில் பேத்தி தூங்குகிறாள். கூனிமேடு தாண்டி அனுமந்தை வருவதற்குள் ரப்பர் கருகும் வாடை. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. ஓரங்கட்டிச் சாவியை அணைத்தேன். புகை நிற்கவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு மனைவி மழையில் இறங்கி ஓடினாள். பானெட்டைத் திறந்தால் பேட்டரி நட்டு துருவேறி இறுகிக் கிடக்கிறது. என்னிடம் ஸ்பேனர் இல்லை. எதிரே வந்த உப்பு லாரி ஓட்டுநர் நிறுத்தி, ஸ்பேனரோடு ஓடிவந்து, எர்த் டெர்மினலைக் கழற்றினார். புகை நின்றது. பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் வண்டியைப் பார்த்தவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பை மூன்று தவணையில் முடித்தவன், இன்று நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன். உருகிய இடத்தை வெட்டித் தற்காலிகமாக ஒட்டுப் போட்டு, இரண்டு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி அளந்தான். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட். பேட்டரியில் 12.9 வோல்ட். ஓடும் கரண்ட் 40 ஆம்பியர்.

"மீதி 1.3 வோல்ட் எங்க சார் போச்சு?" என்று என்னைக் கேட்டான். நான் அவனைக் கரும்பலகைக்கு முன் நிற்க வைத்துக் கேட்ட தொனியிலேயே கேட்டான்.

1.3-ஐ 40-ஆல் பெருக்குங்கள். 52 வாட். கிட்டத்தட்ட ஒரு ஹெட்லைட் பல்பின் சூடு முழுவதும் வயரிலும் அதன் இணைப்புகளிலும் எரிந்துகொண்டிருந்தது. டைனமோ இருந்தவரை 20 ஆம்பியர்தான் ஓடியது. கரண்ட் இரண்டு மடங்கானால் அதே வயரில் சூடு நான்கு மடங்காகும். ஜூல் விதி. நானே தேர்வில் கேட்டிருக்கிறேன்.

அந்த வண்டியில் சார்ஜ் ஆகும் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் போய்வரும். மெல்லிய வயர், நீளமான பாதை. மீட்டர் முனையில்தான் உறை உருகியது, உருகித் தகட்டில் பட்டது. பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஃபியூஸே இல்லை. அதனால்தான் சாவியை அணைத்தும் புகை நிற்கவில்லை.

இதில் நம் ஊர் உப்புக்கும் பங்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் மரக்காணத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அளத்தில் பாத்தி ஓரம் நிறுத்திய சைக்கிள் என்ன ஆகிறதென்று உங்களுக்கே தெரியும். அதே உப்பங்காற்று வயர் முனை வழியாக உறைக்குள்ளும் போகிறது. வெளியே பார்த்தால் வயர் புத்தம் புதிது. உறையைச் சீவினால் செம்பெல்லாம் களிம்பு, கறுப்பு. என் மாணவன் ஒரு சாண் தூரம் சீவிக் காட்டினான். பச்சைத் தூள் கொட்டியது.

அவன் அளந்ததில் 0.9 வோல்ட் பாசிட்டிவ் பக்கம் போனது. மீதி 0.4 எர்த் பக்கம். எர்த்தை யாருமே பார்ப்பதில்லை. கரண்ட் போனால் திரும்பி வரவும் வேண்டுமே! எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் இணைக்கும் பட்டை துருப்பிடித்தால் திரும்பும் வழி அடைபடும். பேட்டரி செத்ததும் இதனால்தான். 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால்தான் ஈய-அமில பேட்டரி முழுதாக நிறையும். 12.9-இல் அரைவயிறாகவே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து போய்ச் சேர்ந்தது.

இப்போது செய்திருப்பது இதுதான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 16 சதுர மில்லிமீட்டர் வயர், படகுகளில் போடுகிற மாதிரி ஈயம் பூசிய செம்பு. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திற்குள் 80 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சினிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரிக்கும் புது எர்த். பிடிக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு. முனைகளில் லக் வைத்து அழுத்தி, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்கி மூடி, மேலே வேஸ்லின். ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர். இப்போது மொத்த இழப்பு 0.2 வோல்ட்.

சில கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில். "60 ஆம்பியர் போட்டால் பல்பு எரிந்துபோகுமா?" போகாது, பல்பு தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். ஆனால் காலியான பேட்டரி அகோரப் பசியோடு இழுக்கும், அந்தச் சுமையைத் தாங்குவது வயர். "எல்.இ.டி. போட்டால் போதாதா?" சுமை குறையும், நல்லதுதான். ஆனால் களிம்பேறிய வயர் எல்.இ.டி.க்காகத் திருந்தாது. "தடிமன் வயர் போட்டாச்சே, ஃபியூஸ் எதற்கு?" தடிமன் வயர் தகட்டில் பட்டால் இன்னும் பெரிய தீ. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. இன்னொன்று: அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் டயோடு அந்த நொடியே போய்விடும்.

"வித்துடுங்க சார்" என்பவர்களுக்கு: உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் ஓட்டும் பத்து வருட வண்டிக்கும் இதே உப்பங்காற்றுதான்.

என் ஆதங்கம் ஒன்றுதான். பெட்டியில் வரும் பொருளுக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வயருக்கும், அதைச் சரியாக அழுத்துகிறவன் கூலிக்கும் கணக்குப் பார்க்கிறோம். நானும் பார்த்தேன். அந்த 1800 ரூபாய்க்காக ஒரு குழந்தையை மழையில் இறக்கி ஓட வைத்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அப்பா வண்டியின் பானெட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரிலும் பேட்டரியிலும் வோல்ட் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். வண்டியில் ஒரு ஸ்பேனர் வையுங்கள். அளந்த எண்களைக் கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் திருத்தி ரொம்ப நாளாயிற்று.

அந்த லாரி ஓட்டுநர் உங்களில் யாருடைய அப்பாவாவது, சித்தப்பாவாவது இருந்தால், வாத்தியார் தேடுகிறார் என்று சொல்லுங்கள். நேரில் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
மரக்காணம்