குடிமையியல் பக்கங்கள் மட்டும் ஏன் புதிதாகவே இருக்கின்றன?

மேலூர் வட்டாரத்தில் ஒரு கிராமத்தின் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போய் வருகிறோம். சமுதாயக் கூடத்தில் இருபது பிள்ளைகள் வரை உட்கார்ந்து படிக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் அவர்களுடைய சமூக அறிவியல் புத்தகங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தோம். வரைபடப் பக்கங்கள் கசங்கி, ஓரம் கிழிந்து கிடந்தன. வரலாற்றுப் பாடங்களில் ஒரு மதிப்பெண் விடைகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். குடிமையியல், பொருளியல் பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தன.

"அதுல அஞ்சு கேள்வி மட்டும் சார் குறிச்சுக் குடுத்திருக்காரு. மத்தது வேணாம்னுட்டாரு" என்றாள் ஒரு மாணவி.

அந்த ஆசிரியரைக் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. 35 மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரிகள் கேட்பது தேர்ச்சி விழுக்காட்டைத்தான். ஒரு மதிப்பெண், வரைபடம், காலக்கோடு, மனப்பாடம் செய்த நாலைந்து விடைகள் இருந்தால் கரையேறிவிடலாம். மெல்லக் கற்போர் கையேடு என்று ஒன்று தருகிறார்களே, அதன் கணக்கும் இதுதான். அந்தக் கையேடு முதலில் யார் கைக்குப் போகிறது என்பதை எந்தக் கிராமத்துப் பள்ளியிலும் போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிடும்போது வரலாறு, புவியியல் என்றுதான் பணியிடங்கள் வருகின்றன. பொருளியலையும் அரசியல் அறிவியலையும் பட்டப்படிப்பாகப் படித்தவர்களுக்கு உயர்நிலை வகுப்பில் இடமில்லை. ஆக, நான்கு பாடம் கொண்ட புத்தகத்தில் இரண்டு பாடங்களை, அதைத் தனியாகப் படிக்காத ஒருவர்தான் நடத்துகிறார். அவருக்கே தயக்கம் இருக்கும்.

இதில் இழப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல இல்லை. வக்கீல் மாமாவும், ஒன்றிய அலுவலகத்தில் சித்தப்பாவும் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பது சாப்பாட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நம் தெருப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் ஒன்றுதான் வழி. அதிலும் அந்தப் பக்கங்கள் திறக்கப்படாமலே போகின்றன.

அந்த மாணவியே சொன்னாள். கல்வி உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண்ணை வகுப்பில் கேட்கும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமாம்: "உங்களுக்கென்னப்பா, கவர்மெண்டு காசு, கோட்டா சீட்டு." அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டோம். ஒன்றும் சொல்லவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டாளாம்.

அன்று மாலை வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை. கரும்பலகையில் தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டை எழுதிப் போட்டோம். பிற்படுத்தப்பட்டோர் 30 விழுக்காடு. மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20. பட்டியல் சாதியினர் 18. பழங்குடியினர் 1. மொத்தம் 69. கேலி செய்த பையன் எந்தப் பட்டியலில் வருவான் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். அவனும் அந்த 69-க்குள்தான் இருக்கிறான்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டு அரசியலமைப்பில் செய்யப்பட்ட முதல் திருத்தத்தில் 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. கல்வி இடஒதுக்கீட்டுக்கு இந்தியா முழுவதும் அடித்தளமான அந்தப் பிரிவு பிற்படுத்தப்பட்டோரையும் நம்மையும் ஒரே வரியில் வைத்துப் பேசுகிறது. இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பின் பெஞ்சுக்காரனுக்கும் நல்லது. தன் அண்ணனுக்கு இன்ஜினியரிங் சீட்டு எப்படிக் கிடைத்தது என்று அவனும் தெரிந்துகொண்டிருப்பான்.

அடுத்தது 'கவர்மெண்டு காசு'. பத்தாம் வகுப்புப் பொருளியலில் அரசாங்கமும் வரிகளும் என்று ஒரு பாடம் இருக்கிறது. நேர்முக வரி, மறைமுக வரி என்று இரண்டு வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். நாங்கள் பிள்ளைகளிடம் வீட்டில் வாங்கும் பொருட்களைப் பட்டியல் போடச் சொன்னோம். பற்பசை, சோப்பு, செருப்பு, போன் ரீசார்ஜ். ரீசார்ஜ் கட்டணத்தில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியிருக்கிறது. களை எடுக்கப் போகிற அம்மா போனுக்குக் காசு போடும்போதும் அரசுக்கு வரி கட்டுகிறார். வருமான வரி கட்டுபவர் மட்டுமே நாட்டுக்குக் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கித் தின்கிறார்கள் என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிட்டது.

நூறு நாள் வேலைக் கூலியையும் இதே பாடத்தில் பேசலாம். 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவையில் இருக்கிறது, விடுவியுங்கள் என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசு எதற்குப் பணம் தருகிறது, மாநில அரசு எதற்குத் தருகிறது, தாமதமானால் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் நம் வீட்டு உலை கொதிக்கிற விஷயம். பிள்ளைகள் இதற்குக் கொட்டாவி விடவில்லை.

உலக வரலாற்றுக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் தென்னாப்பிரிக்காவின் இன ஒதுக்கல் கொள்கை வருகிறது. அதைப் படிக்கும்போது ஒரு பையன், "இந்த மாதிரி பஸ்ஸுல பிரிச்சு வெச்சாங்களா சார்?" என்று கேட்டான். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்ததையும், கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனதையும் சொன்னோம்.

அதோடு நிறுத்தவில்லை. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். தென் மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே எடுத்துவிட்டது. அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் உரிமைக்காகப் பேருந்தைப் புறக்கணித்தார்கள். இங்கே ஒதுக்குகிறவர்கள் ஒரு பெயருக்காகப் புறக்கணித்தார்கள். பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்து அடுத்த வாரம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள் பிள்ளைகள்.

உலக வரலாறு நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். பிறகு அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு போய்ஸுக்கு 1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையில் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகல் அவருக்கு வேண்டியிருந்தது. பதிலும் வந்தது. சட்டப் புத்தகத்தோடு நிற்கும் சிலையாகத்தான் நம் பிள்ளைகளுக்கு அம்பேத்கரைத் தெரியும். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-ல் புத்தகம் வெளியிட்ட பொருளியல் அறிஞர் என்றதும், "அவரு எகனாமிக்ஸா?" என்று கேட்டார்கள்.

உள்ளாட்சிப் பாடம் ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. நம் மாவட்டத்தில் அதை வெறும் வரையறையாக நடத்துவது அநியாயம். தனித்தொகுதியில் வென்ற குற்றத்துக்காக மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 தொடங்கி 2006 வரை தலைவர் பதவிக்குத் தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியவில்லை. 73-ஆவது திருத்தம் என்று எழுதிவிட்டு இரண்டு மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு, பத்து மைல் தள்ளி அந்தத் திருத்தத்துக்காக உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. "அதச் சொன்னா கிளாஸ்ல பிரச்சினை வரும், மறுநாள் ஊர்க்காரங்க வந்து நிப்பாங்க" என்று ஓர் ஆசிரியர் நம்மிடம் வெளிப்படையாகவே சொன்னார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயத்திலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டியது கல்வித்துறை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வெளியே எல்லோரும் விவாதித்தது கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றி. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு 1950 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. இவற்றை ஒரு முழு வகுப்பு நேரம் எந்தப் பள்ளியில் நடத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் சொல்லாததைக் கயிறு கட்டிவிடுகிற அண்ணன்மார் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

2025-ல் ஆதிதிராவிடர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. அங்கே மாலைப் படிப்பு நேரத்தில் வாரம் ஒருநாள் குடிமையியலுக்கும் பொருளியலுக்கும் ஒதுக்கினால் பெயருக்குப் பொருத்தமாக இருக்கும். அரசியல் அறிவியலும் பொருளியலும் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மதிப்பூதியம் கொடுத்தால் வருவார்கள்.

நம் படிப்பு வட்டப் பிள்ளைகள் அடுத்த கிராம சபைக்குப் போவதாக இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்த பிறகு யாரைக் கேட்பது என்று பெரியவர்களே குழம்பிக் கிடக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, அதனால் கிராம சபை உறுப்பினர்கள் அல்ல. உட்கார்ந்து கவனிக்கலாம். கேட்க வேண்டிய கேள்வியை எழுதி அம்மாக்களிடம் கொடுத்திருக்கிறார்கள்: நம் மயானப் பாதைக்குத் தெருவிளக்கு எந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது?