புலிவாலைப் பிடித்த அரசுகள்

2025 மே 10. இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்திக்கொள்வதாக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி அறிவித்தார். அப்பாடா என்று மூச்சுவிட வேண்டிய நேரம். அவருக்குக் கிடைத்ததோ துரோகிப் பட்டம். மகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் அவர் தன் எக்ஸ் கணக்கையே பூட்டிக்கொண்டார். லண்டனில் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அன்று ஒருத்தர், "இன்னும் ரெண்டு நாள் அடிச்சிருக்கலாம்" என்று போட்டார். அதற்கு விழுந்த லைக்குகள் கொஞ்சமில்லை.

இதே லண்டனில், செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் நிலவறையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1982 ஃபாக்லாந்து போரில் இறந்த பிரிட்டிஷ் தரப்பினர் 255 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

அந்தப் போர் எப்படி வந்தது? அர்ஜென்டினாவில் அப்போது ராணுவ ஆட்சி. பொருளாதாரம் படுமோசம். மார்ச் 30 அன்று தலைநகரில் அரசை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஏப்ரல் 2 அன்று ராணுவம் ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியது. திட்டம் முன்பே தயாரானதுதான். ஆனால் மூன்றே நாளில் வசவு வாழ்த்தாக மாறியது. அதே மேயோ சதுக்கத்தில் கூட்டம் கைதட்டியது.

படைகளை வாபஸ் வாங்கச் சொல்லி மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. அமெரிக்கா சமரசம் பேசியது. ஆட்சித் தலைவர் கால்டியேரியால் இறங்கிவர முடியவில்லை. பின்வாங்கினால் கைதட்டியவர்களே விடமாட்டார்கள். இங்கேயும் நாடாளுமன்றம் சனிக்கிழமை அவசரமாகக் கூடிக் கொதித்தது. வெளியுறவு அமைச்சர் காரிங்டன் பதவி விலகினார். தாட்சருக்கும் விட்டுக்கொடுக்க வழியில்லாமல் போனது.

சுமார் 1,800 பேர் வாழ்ந்த தீவுகளுக்காக 900க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தோற்ற சில நாளில் கால்டியேரி வீட்டுக்குப் போனார். தாட்சர் 1983 தேர்தலில் அமோகமாக ஜெயித்தார்.

எங்கள் ஐடி வேலையில் ஒரு விதி உண்டு. பழைய நிலைக்குத் திரும்ப வழி வைக்காமல் எந்த மாற்றத்தையும் ரிலீஸ் பண்ணக்கூடாது. போர் விஷயத்தில் அந்த வழியை அடைப்பது பெரும்பாலும் எதிரி இல்லை, கைதட்டும் நாம்தான். தேசப்பற்று தப்பில்லை. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோது எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் பதிலடி கொடுத்த பின் நிறுத்துகிறவரையும் துரோகி என்றால், அடுத்த முறை நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்?

அந்த மே மாதம் ஷெல் விழுந்தது பூஞ்ச்சில் இருந்தவர்களின் கூரைமேல். லைக் போட்ட எங்கள் கூரைமேல் இல்லை.