வெளிநாட்டில் நெட் ஓடுகிறது... ஓடிபி மட்டும் எங்கே?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் சிங்கப்பூரில். பேரனின் பிறந்தநாளுக்காக அவரும் மனைவியும் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்புகிறார். “மாமா, இதை ஸ்கேன் பண்ணி வெச்சுக்குங்க. சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினதும் நெட் வந்துடும்” என்கிறார். சொன்னபடியே வந்தும் விடுகிறது. இறங்கியதும் வீடியோ கால், மேப், ஊருக்குப் போட்டோ, எல்லாம் ஜோர்.

மூன்றாம் நாள் ராத்திரி கடலூர் முதுநகரிலிருந்து அக்கா மகன் கூப்பிடுகிறான். “மாமா, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க.” பேராசிரியர் உடனே நெட் பேங்கிங்கைத் திறக்கிறார். தொகையைப் போடுகிறார். ‘உங்கள் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது’ என்று திரையில் வருகிறது. ஓடிபி வரவில்லை. மறுபடி கேட்கிறார். அதுவும் வரவில்லை. மூன்றாவது முறை கேட்டதும், ‘சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று கதவைச் சாத்திவிடுகிறது. வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, நெட்டும் பறக்கிறது. ஆனால் அந்த ஆறு இலக்கம் வராமல் ஒரு பைசா நகராது.

காரணம் ரொம்ப சின்னது. தொலைந்துவிடக் கூடாதே என்று தன் இந்திய சிம்மைக் கழற்றி, ஒரு பேப்பரில் மடித்து, அண்ணாமலை நகர் வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

ட்ராவல் இ-சிம் பற்றிப் பலருக்கும் இருக்கும் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சிப். அதில் க்யூஆர் கோடு வழியாக எந்த நிறுவனத்தின் இணைப்பையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே. அவற்றில் போன் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத இடத்துக்கு எஸ்எம்எஸ் எப்படி வரும்? ஒருவேளை நம்பரோடு கூடிய இ-சிம் வாங்கினாலும் அது அந்த நாட்டு நம்பர். வங்கிக்கும் ஆதாருக்கும் தெரிந்தது பழைய இந்திய நம்பர் ஒன்றுதான்.

வாட்ஸ்அப் மெசேஜும் எஸ்எம்எஸ்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வரும் பாதை வேறு. வாட்ஸ்அப் இன்டர்நெட்டில் வருகிறது. எந்த சிம்மின் நெட்டாக இருந்தாலும், ஹோட்டல் வைஃபையாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எஸ்எம்எஸ் அப்படியல்ல. அது மொபைல் நெட்வொர்க்கின் சிக்னல் வழியாகவே வருகிறது. ஊர் மாறிப்போனவர் தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டுப் போவாரே, அதே கதைதான். இந்திய சிம் போட்ட போன் சிங்கப்பூரில் ஆன் ஆனதும், அங்கே இருக்கும் சிங்டெல்லோ ஸ்டார்ஹப்போ எம்1-ஓ, ‘உங்கள் வாடிக்கையாளர் எங்களிடம் இருக்கிறார்’ என்று இந்திய நிறுவனத்துக்குத் தகவல் சொல்கிறது. அதற்குப் பெயர்தான் ரோமிங். அந்தத் தகவல் போனால்தான் வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ் அங்கே திருப்பிவிடப்படும். சிம் பீரோவில் தூங்கினால், மெசேஜ் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். அதற்குள் ஓடிபியின் ஆயுள் முடிந்துவிடும். அது சில நிமிடச் சமாச்சாரம்.

ஆகவே இந்திய சிம் போனிலேயே இருக்க வேண்டும், ஆன் ஆகியிருக்க வேண்டும், அதில் சர்வதேச ரோமிங் வசதி ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஓடிபி வராது. அதே சமயம் அந்த இந்திய சிம்மில் ‘டேட்டா ரோமிங்’ மட்டும் ஆஃப். நெட்டுக்கு இ-சிம், எஸ்எம்எஸ்ஸுக்கு ஊர் சிம். ஒரு சிம்மில் நெட் இல்லாவிட்டால் இன்னொன்றுக்குத் தானாகவே மாறும் வசதி சில போன்களில் இருக்கும். ஐபோனில் ‘அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்ச்சிங்’ என்று இருக்கும். அதையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இ-சிம் டேட்டா மக்கர் செய்யும் நேரம் பார்த்து ஊர் சிம் நெட்டுக்குத் தாவி, ரோமிங் கட்டணம் ஏறும். வெளிநாட்டில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வரும் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்குக் காசு. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் அழைப்புக்கும் அதே காசுதான்!

ரோமிங் பேக் போடாமலே எஸ்எம்எஸ் மட்டும் வருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், பிளானுக்கு பிளான் மாறும். கிளம்பும் முன் கஸ்டமர் கேரில் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. பதில் தெரியாமல் விமானம் ஏறினால், அங்கே போய்க் கேட்பதற்கும் ஊர் நம்பர் வேலை செய்தாக வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. வெளிநாடு போகிறோமே என்று சிலர் கடைசி நேரத்தில் தங்கள் ஊர் சிம்மையே இ-சிம்மாக மாற்றிக்கொள்கிறார்கள். யோசனை நல்லதுதான். சிம் தொலையும் பயமில்லை. பி.எஸ்.என்.எல். கூட 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் இ-சிம் சேவையைத் தொடங்கிவிட்டது. ஆனால் சிம் மாற்றப்பட்டால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. சிம் ஸ்வாப் மோசடிக்காரர்கள் உடனே ஓடிபி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு இது. இன்று காலை மாற்றிவிட்டு மாலை ஃப்ளைட் ஏறுகிறவருக்கு அதுவே தலைவலி. குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றி, ஒரு ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பழைய பட்டன் போனில் ஊர் சிம்மைப் போட்டு ஓடிபிக்கென்றே எடுத்துப் போகும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. ஆனால் சிங்கப்பூர் 2ஜி சேவையை 2017-லேயே நிறுத்திவிட்டது. வெறும் 2ஜி பட்டன் போன் அங்கே டார்ச் லைட்டாகத்தான் பயன்படும்.

கடலூர் மாவட்டத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் ஆள் இருக்கும் வீடுகள் ஏராளம். அவற்றில் பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனின் இந்திய சிம் வீட்டிலேயே ஒரு பழைய போனில் இருக்கும். அங்கிருந்து மகன் பணம் போடும்போது, “ம்மா, இப்ப ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லு” என்பான். அம்மாவும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வார். குடும்பத்துக்குள் என்பதால் யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் ‘ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதே’ என்று அம்மாவுக்குப் பழக்க வேண்டிய இடத்தில், ‘கேட்டால் படித்துச் சொல்’ என்று பழக்கிவிடுகிறோம். நாளைக்கு மகன் குரலில் வேறு யாராவது கேட்டாலும் அதே கண்ணாடி, அதே பதில்.

இதில் புயலும் ஒரு கணக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரையோரங்களில் தண்ணீர் புகுந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பதறிப்போய்ப் பணம் அனுப்ப நினைப்பது அப்படிப்பட்ட நாளில்தான். அதே நாளில்தான் ஊரில் கரண்ட் போகும், டவர் ஓயும், போன் சார்ஜ் இறங்கும். சிம் ஊரில் இருந்தால் ஓடிபியும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ரோமிங்கில் பிள்ளையின் கையிலேயே இருக்கும் சிம்முக்குக் கடலூர் டவர் தேவையே இல்லை.

மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வேறு கவலை. ப்ரீபெய்டு பிளான் முடிந்து, சில நாளில் உள்வரும் வசதியும் நின்றுவிடும். அப்படியே விட்டால் எண்ணே போய்விடும். கைவிடப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பது விதி. வங்கியில் அந்த எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால், கணக்கு நம்முடையது, ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்கு! டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ்களையும் தர வேண்டும், அவை 365 நாள் வரை செல்லலாம் என்று ட்ராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. பீரோ சிம்மோ, பாக்கெட் சிம்மோ, உயிரோடு வைத்திருக்க இது உதவும். என்.ஆர்.ஐ. கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உட்பட 10 நாடுகளின் போன் எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் என்.பி.சி.ஐ. அனுமதி தந்தது. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கு மட்டும், அந்த வங்கியும் வசதியைத் தர வேண்டும்.

இ-சிம்மை எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்க அரசின் தடையில்லாச் சான்று தேவை. அது இல்லையென்று ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய பிரபல ஆப்கள் 2024 ஜனவரியில் இங்குள்ள ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. வாங்கும் முன் போனில் *#06# அழுத்தி ‘இஐடி’ என்று ஒரு நீண்ட எண் வருகிறதா என்று பார்த்துவிடலாம். வராவிட்டால் அந்த போனில் இ-சிம் போகாது. போட்ட பிறகு, பயணம் முடியும்வரை அதை ‘டெலிட்’ செய்யவே கூடாது. பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒருமுறைக்கு மட்டும்தான்.

“உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், லிங்க்கை அழுத்துங்கள்” என்று யாராவது கூப்பிட்டால் அது மோசடி. சம்மதித்த நிமிடம் ஊர் சிம்மில் சிக்னல் போகும். ஓடிபி எல்லாம் அவர்கள் போனுக்கு. திடீரென்று ‘நோ சர்வீஸ்’ என்று வந்து நீடித்தால், முதலில் நிறுவனத்துக்கும் வங்கிக்கும், பிறகு 1930-க்கும் சொல்ல வேண்டும்.

இதே அவஸ்தை எதிர்த்திசையிலும் உண்டு. நடராஜர் கோயிலையும் பிச்சாவரத்தையும் பார்க்க டேட்டா இ-சிம்மோடு வரும் வெளிநாட்டுக்காரரிடம், ரயில் நிலைய வைஃபை முதலில் கேட்பது இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபியைத்தான். யுபிஐக்காவது ‘யுபிஐ ஒன் வேர்ல்டு’ என்று அவர்களுக்கென ஒரு வாலட் இருக்கிறது.

எஸ்எம்எஸ் ஓடிபியையே நம்பியிருக்கும் காலம் மெல்ல மாறுகிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று சொல்லி, வங்கிகள் வேறு வகைச் சரிபார்ப்பு முறைகளுக்கும் போக வழிவிட்டிருக்கின்றன. ஸ்டேட் வங்கிக்கு ‘செக்யூர் ஓடிபி’ என்று தனி ஆப் உண்டு. எம்-ஆதாரில் எஸ்எம்எஸ் இல்லாமலே தற்காலிக எண் உருவாக்கும் வசதி உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் முதல்முறை அமைப்பதற்கு அதே ஊர் நம்பரில் ஒரு எஸ்எம்எஸ் தேவைப்படும். அதாவது, ஊரில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை.

நம் பேராசிரியர்? அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது மகள் தன் போனை எடுத்தாள். சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யுபிஐயும் 2023 பிப்ரவரி 21 முதல் இணைக்கப்பட்டிருக்கின்றன. அத்தை மகனின் யுபிஐ ஐடியை வாங்கி அவளே அனுப்பினாள். பேராசிரியரின் மனைவி தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் அவருடைய ஊர் சிம் அப்படியே இருந்தது. “நான் எதையும் கழட்டலையே” என்றார்.