கூட்டணி ஒன்று, கணக்கு எத்தனை?

ஸ்டார் அலையன்ஸ் 1997இல் ஐந்து விமான நிறுவனங்களுடன் தொடங்கியது. ஏர் இந்தியா 2014இல் சேர்ந்தது. கூட்டணி ஒன்றானாலும் பறப்பவர் சேர்க்கும் பரிசு மைல் கணக்குகள் பல.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறப்பவர் மைல்களை அதன் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் சேர்க்கலாம், அல்லது அதே கூட்டணியிலுள்ள யுனைடெட்டின் மைலேஜ்பிளஸில் சேர்க்கலாம். இரண்டிலும் சேர்க்க முடியாது. முன்னது மூன்றாண்டில் காலாவதியாகும். பின்னதற்குக் கெடு இல்லை.

வேடிக்கை இன்னொன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் யுனைடெட், அடிக்கடி பறந்து கோல்டு தகுதி பெற்ற தன் சொந்த உறுப்பினரை, அந்தத் தகுதிக்காக மட்டும் விமான நிலைய லவுஞ்சுக்குள் விடாது. கூட்டணியின் வேறொரு நிறுவனத்து கோல்டு அட்டையை நீட்டுபவரை விடும்! அடிக்கடி பறப்பவர்கள் இரண்டு கணக்கு வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

மற்றவர்களுக்கு அது வீண் வேலை. நாலு இடத்தில் சிதறிய மைல் ஒரு டிக்கெட்டுக்கும் தேறாது. ஆண்டுக்கு ஓரிரு முறை பறப்பவருக்கு ஒரே கணக்குதான் லாபம்.